பெரட்டு

இரவு பதினொன்று. பீடோருக்கு வெளியே,
செம்பனை மில்லின் எடைப்பால அறை.
திரை எழுந்துவிட்டது: சாம்பல் நெசவு,
நடுவில் ஓர் எக்ஸ் குறி,
லாரிக் கண்ணாடியில் ஒட்டிச் செத்த தும்பி மாதிரி.
சுட்டியை இழுத்தேன். வலம். இடம்.
குறி அசையவில்லை.
விசைப்பலகையைத் தட்டினால்
பலகையைத் தட்டிய சத்தம்தான் வந்தது.

"மவுஸ் செத்துப்போச்சா?" என்றாள் புனிதவதி,
எடைச்சீட்டுக் கட்டின் மேல் முழங்கையை ஊன்றி.
சாகவில்லை. வயிற்றில் சிவப்பு விளக்கு எரிகிறது.
இருக்கிறது. இருப்பதை
யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் யுனிக்ஸில் கையால் எழுதுவோம்:
இன்ன சுட்டி, இன்ன வாசல், மூன்று பொத்தான், ஒரு சக்கரம்.
கிராணி செக்ரோல் போடுகிற மாதிரி.
நன்றாகத்தான் ஓடும்,
மில் எலி வந்து வயரைக் கடிக்கும் வரை.
புதியது வாங்கிச் செருகினால்
பட்டியலில் பேர் இல்லை, இன்றைக்கு வேலை இல்லை.

இப்போது அதற்கென்று பின்னால் ஒருவன். பேர் ஹால்.
டீமன் என்பார்கள். பேய்தான்,
ஆனால் மில் கேட்டில் சுருட்டு வாங்கிக்கொண்டு
விடிய விடிய விழித்திருக்கிற முனி வகை.
எது உள்ளே வந்தாலும் நீ யார் என்று கேட்டுத்
திரைக்குச் சொல்லி அனுப்பும்.
திரையும் அந்தச் சொல்லை நம்பிக்
கை கட்டிக் காத்திருக்கும்.
இங்கே முனியை எழுப்ப மறந்துவிட்டார்கள்.

வாசல் ஊமையானதால்
என் மடிக்கணினியிலிருந்து வலைவழியே நுழைந்தேன்,
ஓட்டைப் பிரித்து இறங்குகிறவள் போல.
முனியைக் கிளப்பினேன். எழுந்தான், விழுந்தான்.
மறுபடியும். எழுந்தான், விழுந்தான்.
அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது:
செய்தி ஏற்றிப் போகிற பஸ்ஸை நான் இன்னும் விடவில்லை.
டி-பஸ் ஓடாமல் முனி யாரிடம் என்ன சொல்வான்?
ஏழு மணி பஸ் போய்விட்டால்
எட்டு மைல் நடந்த ஊர்க்காரி நான்.
எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பஸ் முன்னால், முனி பின்னால்.
இனி மின்சாரம் போய் வந்தாலும் தானே எழும்படி
தொடக்கக் கோப்பில் இரண்டு வரி,
இரண்டிலும் கடைசிச் சொல் 'ஆம்'.
திரையை அணைத்து எழுப்பினேன்.

பெரட்டு தொடங்கியது.
பதிவேட்டில் வரி வரியாகக் குரல்:
விசைப்பலகை, ஆஜர். சுட்டி, ஆஜர்.
எக்ஸ் போய் அம்பு வந்தது. அம்பு நகர்ந்தது.
புனிதவதி சுட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள்.
போனது என்று ஒரு வரி.
செருகினாள். வந்தது என்று ஒரு வரி.
பிடுங்கினாள், செருகினாள்.
"ஒவ்வொரு தடவையும் நம்புதே."
அது தன் நம்பரைச் சொல்கிறது, இது கேட்டுக்கொள்கிறது என்றேன்.
"பொறந்த பத்திரம் கேக்கலியா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
சீட்டுக் கட்டுக்கு அடியில் பழுப்பு உறை ஒன்று,
தாப்பா பதிவிலாகா முத்திரையோடு,
ஓரம் பிரிக்காமல்.
அவளிடம் இருப்பது சிவப்பு ஐசி என்று
அப்போதுதான் நினைவு வந்தது.
பிறந்தது இதே மில்லின் பழைய லயத்தில்.

பெரட்டில் தராசு மட்டும் பதில் சொல்லவில்லை.
பழைய சீரியல் வயர். எடையைச் சொல்லும்,
தன் பேரைச் சொல்லத் தெரியாது.
எந்த முனி வந்து கேட்டாலும் அது வெறும் வாசல்.
"இருவது வருசமா இங்கதானே நிக்கிது?"
நிற்கிறது. ஆனால் அதை மட்டும்
யாராவது கையால்தான் எழுத வேண்டும்.

"அப்போ எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். வாசல், வேகம், பேர்.
பேருக்கு என்ன வைப்பது என்று கேட்கத் திரும்பினால்
ஆள் இல்லை.
வெளியே முதல் லாரி, குலை குலையாகச் சிவப்பு,
பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.
மழையில் நின்று கையைக் காட்டினாள்:
வா, வா, போதும், நில்.